வெயில் இருந்தும் கரண்ட் இல்லை: சோலார், பேட்டரி பற்றிய ஒரு வீட்டுக் கணக்கு

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் அன்று மாலையே கரண்ட் போய்விட்டது. தண்ணீர் தேங்கிய இடத்தில் லைனை நிறுத்தி வைப்பதுதான் சரி, அதில் எனக்குக் குறை இல்லை. கவலையெல்லாம் அம்மாவைப் பற்றி. நுரையீரல் பிரச்சினைக்காக அவருக்கு இரவில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். கான்சன்ட்ரேட்டர் கரண்டில் ஓடுவது. கைவசம் இரண்டு பி-டைப் சிலிண்டர் இருந்தது. ஒன்றில் சுமார் 1,500 லிட்டர், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். சனி இரவு, ஞாயிறு இரவு போக, திங்கள் காலையில் ஐந்து மணி நேரத்துக்கான காற்றுதான் மிச்சம். அன்று பார்த்து அம்மாவுக்குப் பகலிலேயே மூச்சு இறைத்தது.

மழை விட்டு நல்ல வெயில் வந்திருந்தது. எதிர்வீட்டு அண்ணன் மாடியில் ஆறு பேனல், 3 கிலோவாட். "அம்மாவை இங்கே கூட்டிட்டு வந்துடுங்க தம்பி, நம்ம வீட்டுலதான் சோலார் இருக்குல்ல" என்றார். மிஷினையும் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் போனோம். சுவிட்சைப் போட்டால் ஒன்றும் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கியது. தலைக்கு மேலே பேனல்கள் பளபளவென்று வெயிலில் காய்கின்றன, கீழே ஃபேன்கூட ஓடவில்லை. "கெட்டுப் போச்சா?" என்று அண்ணன் என்னைப் பார்க்கிறார். பி.இ. படித்தவன், எனக்கும் பதில் தெரியவில்லை. மதியம் ஒரு நண்பர் சிலிண்டர் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். சாயங்காலம் கரண்ட் வந்துவிட்டது. அந்தச் சிவப்பு விளக்கு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் ஆறு மாதம் இதையேதான் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்வெர்ட்டர் கெட்டுப் போகவில்லை. சொன்ன வேலையைத்தான் செய்தது.

அண்ணன் வீட்டில் இருப்பது ஆன்-கிரிட் அமைப்பு. பேனல் தருவது டிசி. அதை வீட்டுக்கான 230 வோல்ட் ஏசியாக மாற்றுவது இன்வெர்ட்டர். இந்த வகை இன்வெர்ட்டர் தானாக எந்த அலையையும் உருவாக்குவதில்லை. லைனில் வரும் 50 ஹெர்ட்ஸ் அலையைப் பார்த்து, அதோடு தாளம் பிசகாமல் தன் கரண்டைக் கலக்கிறது. பஜனையில் பின்பாட்டு பாடுபவர் மாதிரி. முன்னால் பாடுபவர் நிறுத்தினால் இவரும் நிறுத்த வேண்டும். அதுவும் அதிகபட்சம் 2 விநாடிக்குள். ஆன்டி-ஐலேண்டிங் என்று பெயர். காரணம், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு பக்கமும் வேலை செய்யும். நம் வீட்டிலிருந்து வெளியே போகும் 230 வோல்ட், அதன் வழியாகத் தலைகீழாகப் போனால் மறுமுனையில் 11,000 வோல்ட். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பியில் கை வைப்பவரின் கதி என்ன? புயலுக்கு அடுத்த நாள் ஊர் முழுக்க லைன்மேன்கள் கம்பத்தில்தான் இருப்பார்கள்.

ஆக, சோலார் வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் கரண்ட் போனால் வித்தியாசம் இல்லை. விற்பவர் யாரும் இதை மறைக்கவில்லை, ஒப்பந்தத்தாளில் எங்கோ இருக்கும். வாங்குபவர் கேட்பதும் இல்லை. "பில் எவ்வளவு குறையும்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சரி, பில்லுக்கு வருவோம். நமக்கான ஒழுங்குமுறை ஆணையம் கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான ஜேஇஆர்சி. அதன் 2019 விதிமுறைகளின்படி நெட் மீட்டரிங் உண்டு. பகலில் மிஞ்சுவதை லைனுக்குக் கொடுத்து, இரவில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். யூனிட்டுக்கு யூனிட் நேர். மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். பாண்டியில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டு சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 3 கிலோவாட்டுக்கு மாதம் 365 யூனிட்.

எங்கள் வீட்டுச் செலவு மாதம் 400 யூனிட். கட்டணம் ஏறத்தாழ முதல் நூறுக்கு யூனிட் 3 ரூபாய், அடுத்த நூறுக்கு 4, அதற்கடுத்து 6, 300-க்கு மேல் 7 என்று வைத்துக்கொண்டேன். சோலார் குறைப்பது மேலே இருந்து, விலை கூடிய யூனிட்டைத்தான் முதலில். அதனால் 365 யூனிட்டுக்கு மாதம் 1,900 ரூபாய் அளவில் மிச்சமாகிறது. எனக்கு வந்த விலைப்புள்ளி 1,90,000. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம். மீதி 1,12,000. ஐந்து வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். இதுவே மாதம் 200 யூனிட் செலவாகும் வீடு என்றால் மிச்சமாவது 700 ரூபாய்தான். 60,000 மானியம் போக 2 கிலோவாட்டுக்கு 70,000 போட்டாலும் எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்று நாமும் போடுவதற்கு முன் பில்லை எடுத்துப் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்கில் பேட்டரிக்கு இடமே இல்லை. நெட் மீட்டரிங்கில் லைன்தான் பேட்டரி, அதுவும் இலவசமாக. நானே ஒரு பேட்டரி வாங்கிப் பகலில் நிரப்பி இரவில் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். மத்திய மானியமும் பேனலுக்குத்தான், பேட்டரிக்கு இல்லை. முதலீடாகப் பார்த்தால் சுத்த நஷ்டம். ஆனால் அந்த இலவச பேட்டரி, புயலன்று காலை வாரிவிடும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் எட்டு நாள் கரண்ட் இல்லை. எட்டு நாளில் பெரும்பாலும் நல்ல வெயில்! பேட்டரிக்குக் கொடுக்கும் பணம் இன்ஷூரன்ஸ் பிரீமியம் மாதிரி. அதை எவ்வளவுக்கு எடுப்பது என்பதுதான் கேள்வி.

அதற்கு நான் கிலோவாட்டிலிருந்து தொடங்கவில்லை, இரவிலிருந்து தொடங்கினேன். கரண்ட் இல்லாத ஓர் இரவில் எது ஓடியே ஆகவேண்டும்? கான்சன்ட்ரேட்டர் 300 வாட், பத்து மணி நேரத்துக்கு 3 யூனிட். பிஎல்டிசி ஃபேன் இரண்டு, 0.6. ஃபிரிட்ஜ் 0.4. விளக்கு, வைஃபை 0.2. மொத்தம் 4.2 யூனிட். ஏசி பட்டியலில் இல்லை. மோட்டாரும் இல்லை. 1 எச்பி மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட்தான் என்றாலும் கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும், அதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்க வேண்டும். அதைவிட, புயல் எச்சரிக்கை வந்ததும் மேல்தொட்டியை நிரப்பிவிடலாம். (விளையாட்டாக ஒரு கணக்கு: 10 மீட்டர் உயரத்தில் 1,000 லிட்டர் தண்ணீரில் இருக்கும் ஆற்றல் 0.027 யூனிட். இரண்டு செல்போன் சார்ஜ்கூடத் தேறாது. ஆனாலும் அதைவிட மலிவான சேமிப்பு கிடையாது, ஏனென்றால் நமக்கு வேண்டியது தண்ணீர்.)

சேமிப்பு என்றாலே பேட்டரி என்று நினைப்பவர்கள் ஆரோவில்லின் சோலார் கிச்சனைப் பார்க்கலாம். மாடியில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம். அது சேர்க்கும் வெயில் எண்ணெயைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டைத் தொட்டியில் வைத்துக்கொண்டு நீராவியாக்கிச் சமைக்கிறார்கள். வெயில் போதாத நாளுக்கு டீசல் பாய்லரும் உண்டு. அந்த டீசல் பாய்லர்தான் எனக்குப் பிடித்த பகுதி, வடிவமைத்தவர்களுக்கு நம்மூர் ஐப்பசி கார்த்திகை தெரிந்திருக்கிறது.

4.2 யூனிட்டுக்கு நான் எடுத்தது 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. பெயரளவில் 5.1 யூனிட். பத்து சதவீதத்தை அடியில் விட்டு, மாற்றுவதில் போகும் இழப்பையும் கழித்தால் 4.3. சரியாக ஓர் இரவு. இதையே டியூபுலர் பேட்டரியில் செய்தால் 150 ஏஎச், 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் இருந்தாலும் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். ஐந்து வேண்டும். வராந்தாவையே அடைத்துவிடும்.

பேட்டரியோடு ஹைப்ரிட் இன்வெர்ட்டர் அவசியம். லைன் போனதும் அது முதலில் தெருவிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொள்கிறது. பிறகு தானே முன்பாட்டு பாடத் தொடங்குகிறது. லைன்மேனுக்கும் ஆபத்தில்லை. இன்வெர்ட்டரில் தனியாக ஒரு பேக்கப் வழி உண்டு. அந்த 4.2 யூனிட் சாமான்களை மட்டும் தனி வயரிங்கில் அதோடு சேர்க்க வேண்டும். பேட்டரிக்கும் ஹைப்ரிட்டுக்குமாகக் கூடுதலாக 1,60,000 ஆனது. கான்சன்ட்ரேட்டர் இல்லாத வீடாக இருந்தால் இதைச் செய்திருக்கவே மாட்டேன். ஃபேனும் விளக்கும் போதும் என்பவர்களுக்குச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரும் ஒரு டியூபுலர் பேட்டரியும் தாராளம்.

ஒரு எச்சரிக்கை. சில எலக்ட்ரீஷியன்கள், வீட்டு இன்வெர்ட்டரின் அலையைக் காட்டி ஆன்-கிரிட் சோலாரை ஏமாற்றி ஓட வைக்கலாம் என்பார்கள். ஓடும். ஆனால் வீட்டுத் தேவைக்கு மேல் பேனல் தருவது போக இடமில்லாமல் அந்தச் சின்ன இன்வெர்ட்டருக்குள்ளேயே திரும்பும். புகை வந்த பிறகுதான் நிறுத்துவார்கள்.

பேனல் மாட்டுவதிலும் கடலோரத்துக்கென்று சில விஷயங்கள் உண்டு. உப்புக் காற்றுக்குச் சாதாரண போல்ட் தாங்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். காற்றுக்கு இந்தியத் தரநிலை நம் கரைக்குச் சொல்வது விநாடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். தமிழ்ப் பகுதியில் தேக்கு உத்தரமும் செங்கலும் சுண்ணாம்புமாகக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் மாடியில் என் சித்தப்பாவும் பேனல் போட விரும்பினார். பேனலின் எடையை மாடி தாங்கும். பறக்காமல் இருக்க வைக்கும் கான்கிரீட் கட்டைகளைத் தாங்குமா என்பதுதான் சந்தேகம். துளை போட்டால் அடுத்த மழைக்கு ஒழுகும். கடைசியில் சுவர்களுக்கு மேல் இரும்பு உத்தரம் போட்டு, அதில் சட்டத்தை நிறுத்தினோம்.

என் அமைப்பு ஃபெஞ்சலைத் தாங்கியிருக்குமா என்று போட்டுப் பார்த்தேன். சனி இரவு தாங்கும். ஞாயிறன்று மேகத்துக்குள் 3 கிலோவாட் பேனல் ஒன்றரை, இரண்டு யூனிட் தந்திருந்தாலே அதிகம். அன்றிரவு பாதியில் நின்றிருக்கும். திங்கள் வெயிலுக்கு மறுபடி நிரம்பியிருக்கும். எனவே இரண்டு சிலிண்டரும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கின்றன.

மாதம் ஒரு ஞாயிறு மெயினை அணைத்துச் சோதிக்கிறேன். எதிர்வீட்டு அண்ணன் ஒரு டியூபுலர் பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் வாங்கி, சோலார் வயரிங்கில் கலக்காமல் தனியாக வைத்துக்கொண்டார். போன வாரம் வந்து, "தம்பி, அடுத்த தடவை நான்தான் உங்க வீட்டுக்கு வரணும்போல" என்றார். ஏசி மட்டும் கேட்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.