கடைசல் சாமான் வியாபாரம்: அன்றும் இன்றும்

பம்பரமும் மோர் மத்தும் தொங்காத மளிகைக் கடை நம் பக்கத்தில் ஒரு காலத்தில் கிடையாது. அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் ஓலைப் பெட்டியோடு வரும். அடுப்பு, குடம், உரல், திருகை என ஒரு குடித்தனமே அதற்குள் இருக்கும். திருவிழாக் காலங்களில் நமக்கு நல்ல ஓட்டம்.

சரக்கின் தரம் அப்படி. நன்றாகக் காய்ந்த மஞ்சள் கடம்பு மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஏறும். அதன்மேல் தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். பசையும் இல்லை, வார்னிஷும் இல்லை. இன்றைய சரக்கில் இந்த மினுக்கை நாம் அதிகம் பார்ப்பதில்லை.

ஆனால் பழங்காலம் முழுவதும் பொற்காலம் என்று பேசுகிற நண்பர்கள் பட்டறைக்குள் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். மோட்டார் வருமுன் கயிற்றுக் கடைசல்தான். கயிற்றை இழுத்தால் மரம் முன்னும் பின்னுமாகச் சுற்றும். ஒரு பக்கம் சுற்றும்போது மட்டுமே உளி வெட்டும். பாதி உழைப்பு வீண். பெரிய உருப்படிக்குக் கயிறு இழுக்கத் தனி ஆள் வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அல்லது பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள். அவர்கள் கூலி எந்த விலையிலும் ஏறவில்லை. மூக்கில் துணிகூடக் கட்டாமல் தூசிக்குள்ளேயே இருப்பார்கள். முன்பணம் வாங்கியவர் அதே வியாபாரிக்குத்தான் சரக்குப் போட வேண்டும், விலையும் வியாபாரி சொன்னதுதான். அப்படியிருக்க, மகன் உளியைத் தொடாமல் வேறு வேலைக்குப் போனதில் என்ன ஆச்சரியம்? பிளாஸ்டிக் வந்ததுதான் காரணம் என்று நம்மவர்கள் சொல்வது பாதிக் கணக்கு.

சாயமும் ஒரு விஷயம். மலிவான மஞ்சள், சிவப்பு வர்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. குழந்தை வாயில் வைக்கிற சாமான் அது! வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017-ல்தான் அமலுக்கு வந்தது.

2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. சொப்பு வாங்கி விற்கும் அன்பர்கள் கடைசல்காரரிடம் அந்தப் பதிவு அட்டையின் நகலையும், என்ன சாயம் போட்டார் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி, பில்லோடு வைத்துக்கொள்ளவும்.