தாலுகா பேரே இங்கிலீஷ் வார்த்தை! அகராதியைக் கண்டு பயம் ஏன்?

ஒடுகத்தூர்,-

"கணக்கு போட்டுடுவேன் சார். இந்த இங்கிலீஷ் வார்த்தைதான் காலை வாருது!"

வேலை தேடும் வாலிபர்கள் எல்லா ஊரிலும் பாடும் பல்லவி இது. ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூரும் விலக்கல்ல. பேங்க் கிளார்க் பரீட்சையில் இங்கிலீசுக்கு என்றே தனிப் பகுதி உண்டு. அங்கே கோட்டை விட்டால் வேலையும் போச்சு!

ஆனால் ஒரு விஷயம் தெரியுமா? ஒடுகத்தூர் எந்த தாலுகா? அணைக்கட்டு. அந்தப் பெயரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை!

ஆம்! 'அனிகட்' என்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. பொருள்: ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய அணை. 1830-களில் கொள்ளிடத்தில் அணை கட்டினார் ஆர்தர் காட்டன். அவரைப் போன்ற வெள்ளைக்கார என்ஜினீயர்கள் நம்ம சொல்லை அப்படியே எழுதி வைத்துக் கொண்டார்கள்.

மிளகுத் தண்ணி

இன்னும் கேளுங்கள். 'கட்டமரான்' நம்ம கட்டுமரம். 'செரூட்' நம்ம சுருட்டு. 'மல்லிகடானி' என்று ஓட்டலில் வருகிற சூப், வேறொன்றுமில்லை, மிளகுத் தண்ணி! மாணிக்கமும் நீலக்கல்லும் எந்தக் கனிமம்? 'கொரண்டம்'. அதுவும் தமிழ்க் குருந்தம்தான்.

இப்படிப்பட்ட சொற்களைத் திரட்டி 1886-ல் வந்த அகராதி 'ஹாப்சன் ஜாப்சன்'. தொகுத்தவர்கள் யூல், பர்னல். இதில் பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர்!

உஷார்! ஒலி ஒத்துப் போனால் எல்லாம் தமிழ் ஆகிவிடாது. கடையில் நீட்டுகிற 'கேஷ்' நம்ம காசு அல்ல. அது பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. பழைய சில்லறை நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு 'கேஷ்' மட்டுமே நம்ம காசு.

ஒரே சாவி, நாலு பூட்டு

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் பெரிய டெலஸ்கோப் இருக்கிறது. கிரேக்கத்தில் 'டெலி' என்றால் தூரம். 'ஸ்கோப்' என்றால் பார்ப்பது. இந்த சாவி கையில் இருந்தால் மைக்ராஸ்கோப் (சிறியதைப் பார்ப்பது), பெரிஸ்கோப் (சுற்றிலும் பார்ப்பது), டாக்டர் மார்பில் வைக்கும் ஸ்டெதஸ்கோப் எல்லாம் தானே திறக்கும். 'ஸ்டெதோஸ்' என்றால் மார்பு. பேர் வைத்தவர்களுக்கு 'பார்ப்பது' என்றால் பரிசோதிப்பதும் சேர்த்திதான்!

2018-ல் சசி தரூர் 29 எழுத்தில் ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு நாட்டையே மிரள வைத்தார். அதன் பொருள் என்ன தெரியுமா? 'ஒன்றுக்கும் உதவாது என்று தள்ளுவது'! ஆபீஸ் கடிதத்துக்கு அது தேவையே இல்லை.

தேவை இவ்வளவுதான்: பஸ்சில் போகும்போது தினம் மூன்று வார்த்தை. பொருள், வேர், சொந்தமாக ஒரு வாக்கியம். மூன்றையும் நோட்டில் குறிக்கணும். அடுத்த நாள் அதை மூடிவைத்துவிட்டு ஒப்பிக்கணும். வருஷ முடிவில் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

இங்கிலீஷ்காரன் நம்ம அணைக்கட்டைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கிட்டான். அவன் வார்த்தையை எடுக்க நமக்கு மட்டும் கூச்சம் எதுக்கு?