மின்சாரக் கார் வாங்கினால் பணம் மிச்சமாகுமா? முதலில் வீட்டு வாசலைப் பாருங்கள்

சத்தம் இல்லை, புகை இல்லை, எண்ணெய் நிலையத்தில் வரிசை பிடிக்கும் வேலையும் இல்லை. மின்சாரக் காரைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்லும் இவை எல்லாம் உண்மைதான். ஆனால், 9 ஆண்டுக் கடனில் கார் வாங்கும் குடும்பத்துக்கு அது லாபமா நட்டமா என்பதை முடிவு செய்வது வேறொன்று: இரவில் வீட்டிலேயே சார்ஜ் செய்ய வசதி இருக்கிறதா இல்லையா என்பதே அது.

ஒரு மாதக் கணக்கு

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 6.5 லிட்டர் குடிக்கும் சிறிய பெட்ரோல் காருக்கு மாதம் சுமார் 97 லிட்டர் தேவை. 2025 செப்டம்பர் 30-இல் தொடங்கிய புடி95 திட்டத்தின் 1 ரிங்கிட் 99 சென் விலையில், செலவு ஏறக்குறைய 194 ரிங்கிட்.

அதே தூரத்துக்கு மின்சாரக் காருக்கு, சார்ஜ் செய்யும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, சுமார் 250 யூனிட் வேண்டும். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில் வீட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 44.43 சென். பெருக்கினால் 111 ரிங்கிட். பலரும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

புதிய முறையில் 1,000 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்குச் சிக்கன ஊக்கக் கழிவு உண்டு. பயன்பாடு கூடக் கூட அந்தக் கழிவு குறையும். அதுவும் மொத்தப் பயன்பாட்டுக்கும் சேர்த்தே குறையும். 350 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் பில், இதர சிறு கட்டணங்கள் நீங்கலாக, சுமார் 82 ரிங்கிட். காருக்கான 250 யூனிட் சேர்ந்து 600 ஆகும்போது பில் சுமார் 212 ரிங்கிட்டாக உயரும். ஆக, காரின் உண்மையான மின்செலவு 130 ரிங்கிட். 600 யூனிட்டைத் தாண்டினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் சேரும்.

அப்படியும் பெட்ரோலைவிட மாதம் 60 ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால், வீட்டில் சார்ஜ் செய்ய முடியாமல் வெளியே உள்ள வேகச் சார்ஜ் நிலையங்களை மட்டும் நம்பினால் கணக்கு தலைகீழாகிவிடும். பல நிலையங்களில் யூனிட்டுக்கு 1 ரிங்கிட் 20 சென்னும் அதற்கு மேலும் கேட்கிறார்கள். அந்த விலையில் மாதச் செலவு 300 ரிங்கிட்டைத் தொடும். உதவித்தொகை பெற்ற பெட்ரோலைவிட இது அதிகம்.

வீட்டில் என்ன வேண்டும்?

சொந்தத் தரை வீடும் கார் நிறுத்த வாசலும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சாதாரண மூன்று முனை பிளக்கில் மணிக்கு சுமார் 2 யூனிட் ஏறும். இரவு 10 மணி நேரம் விட்டால் 100 முதல் 120 கிலோமீட்டர் ஓடலாம். தினமும் 50 கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருபவருக்கு அதுவே தாராளம்.

ஆனால், பழைய வீடுகளின் மின்கம்பிகள் பல மணி நேரம் தொடர்ந்து முழு மின்சாரம் பாய்வதற்காகப் போடப்பட்டவை அல்ல. பிளக் சூடாவது, நிறம் மாறுவது தீ விபத்துக்கான முன்னறிவிப்பு. நீட்டிப்பு வயரை ஜன்னல் வழியே இழுத்து சார்ஜ் செய்வதை அறவே தவிர்க்க வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு தனி மின்கம்பி, தனிப் பாதுகாப்பு சுவிட்சுடன் 7 கிலோவாட் சுவர் சார்ஜரைப் பொருத்துவதே பாதுகாப்பானது. இதற்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகலாம். 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை, சார்ஜர் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு கோரலாம்.

அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு நிர்வாகத்தின் அனுமதி தேவை. தோட்டக் குடியிருப்பில் வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால், மின்கம்பியை மாற்றும் முடிவும் அவர்களிடமே உள்ளது. முன்பணம் கட்டுவதற்கு முன்பே அந்த அனுமதியை எழுத்துப்பூர்வமாகப் பெறுவது நல்லது.

பேட்டரி எத்தனை ஆண்டு தாங்கும்?

கைப்பேசியின் பேட்டரி மூன்று ஆண்டில் சோர்ந்துவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் இயல்பானது. கார் பேட்டரி அப்படியல்ல. அதைக் குளிர்விக்கத் திரவக் குளிரூட்டும் அமைப்பு உண்டு. பொதுவாக ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில்தான் கொள்ளளவு குறைகிறது. வெப்பம் அதன் முதல் எதிரி. காற்றால் மட்டும் குளிர்விக்கப்பட்ட முதல் தலைமுறை நிசான் லீஃப் கார்களின் பேட்டரி, அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் வேகமாகத் தேய்ந்தது. பழைய மின்சாரக் கார் வாங்குபவர்கள் நம் நாட்டு வெயிலையும் கணக்கில் எடுத்து, குளிரூட்டும் முறையைக் கேட்டறிய வேண்டும்.

பேட்டரியின் வகையும் முக்கியம். எல்.எஃப்.பி. வகையை அவ்வப்போது 100 விழுக்காடு வரை ஏற்றலாம். என்.எம்.சி. வகையை அன்றாட ஓட்டத்துக்கு 80 விழுக்காட்டோடு நிறுத்துவது ஆயுளைக் கூட்டும்.

பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. கடனோ 9 ஆண்டு. அதாவது, கடைசி ஆண்டுத் தவணையை உத்தரவாதம் இல்லாத காருக்குக் கட்ட வேண்டியிருக்கும். அதிகம் ஓடுபவர்களுக்கு உத்தரவாதம் அதற்கும் முன்பே தீர்ந்துவிடும். கடனை 7 ஆண்டுக்குள் முடிக்க முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

பட்டறை, டயர், சாலை வரி

இயந்திர எண்ணெய், ஸ்பார்க் பிளக், எண்ணெய் வடிகட்டி ஆகிய செலவுகள் கிடையாது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே காரை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் தேய்மானமும் குறைவு. ஆனால் டயரில் செலவு உண்டு. மைவி கார் சுமார் 1,000 கிலோ எடை என்றால், பி.ஒய்.டி. அட்டோ 3 ஏறக்குறைய 1,700 கிலோ. எடை கூடினால் டயர் விரைவில் தேயும். எல்லாக் கார்களிலும் உள்ள சிறிய 12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. அது செத்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் கிளம்பாது.

சாலை வரி விலக்கு 2025 இறுதியோடு முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் மோட்டாரின் சக்தியைப் பொறுத்து வரி உண்டு. 150 கிலோவாட் காருக்கு ஆண்டுக்கு 160 ரிங்கிட். 1.5 லிட்டர் மைவிக்கு 90 ரிங்கிட்.

2021 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட கிள்ளான், ஷா ஆலாம் வட்டார மக்களுக்கு இன்னொன்று: சாதாரண காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது, கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நீரில் மூழ்கிய மின்சாரக் காரை இயக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது

அட்டோ 3 காரின் பெரிய பேட்டரி வகை ஒரு கணக்கில் 480 கிலோமீட்டரும், இன்னும் கடுமையான டபிள்யூ.எல்.டி.பி. சோதனையில் 420 கிலோமீட்டரும் ஓடும். குடும்பத்தோடு, குளிரூட்டியுடன், 110 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதுவும் குறையும். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் சுமார் 350 கிலோமீட்டர். ஒருமுறையாவது நிறுத்திச் சார்ஜ் செய்யத் திட்டமிடுவதே நிம்மதி. 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் மெதுவாக ஏறும் என்பதால், அதுவரை ஏற்றிக்கொண்டு புறப்படுவது பின்னால் காத்திருப்பவருக்கும் உதவி. 2025-க்குள் 10,000 பொதுச் சார்ஜ் முனைகள் என்ற அரசாங்கத்தின் இலக்கு எட்டப்படாததால், பெருநாள் காலத்தில் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் வரிசையை எதிர்பார்க்கலாம்.

முன்பணம் கட்டும் முன்

• வீட்டில் இரவில் சார்ஜ் செய்ய முடியுமா? வீட்டின் மின்கம்பியைச் சோதித்தாயிற்றா?
• மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? குறைவாக ஓடுபவருக்கு மிச்சமும் குறைவு.
• உத்தரவாதத்தில் பேட்டரி எத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்?
• பழைய கார் என்றால், பேட்டரி நலச் சோதனை அறிக்கை உண்டா?
• புதிய கார்களின் விலை இறங்கினால் பழையதன் விலையும் இறங்கும். பாதியில் விற்றால் வங்கிக் கடன் அடையுமா?

முதல் கேள்விக்கு "முடியும்" என்ற பதில் இருந்தால் மற்றவற்றைப் பேசி முடிவெடுக்கலாம். "முடியாது" என்றால், இப்போதைக்கு இருக்கும் பெட்ரோல் காரை நன்றாகப் பராமரித்து ஓட்டுவதே குடும்பத்துக்கு மலிவு.