நூறு கோடி போட்டால் ஆயிரம் கோடி நிறுவனமா?

2022-இல் இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸின் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று செய்தி வந்தது. இரண்டே ஆண்டுகளில், அதில் பணம் போட்டிருந்த நெதர்லாந்தின் புரோசஸ் நிறுவனம் தன் பங்கின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று கணக்கில் எழுதிவிட்டது. கடன் வழக்கு, நிர்வாகச் சிக்கல் என்று வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. அவை ஒருபுறம் இருக்கட்டும். அந்த 2,200 கோடி என்ற எண்ணை யார், எதை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஒரு முதலீட்டாளர் 100 கோடி ரூபாய் கொடுத்து 10 சதவீதப் பங்கு வாங்கினால், நிறுவனத்தின் மதிப்பு 1,000 கோடி என்று அறிவித்துவிடுகிறார்கள். பெருக்கல் சரிதான். ஆனால் அவர் வாங்கியது பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனத்தை விற்க நேர்ந்தால் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பொதுவாக அதோடு சேர்ந்தே வரும். நாளை அந்த நிறுவனம் 150 கோடிக்கே விலைபோனால் அவருக்கு 100 கோடி. நிறுவனர், ஊழியர் உட்பட மீதி 90 சதவீதம் வைத்திருப்பவர்களுக்கு 50 கோடி. இந்தப் பாதுகாப்போடு கூடிய பங்கின் விலையை, அது இல்லாத சாதாரணப் பங்குக்கும் பொருத்திப் பெருக்கினால் வருவது ஊதிப் பெருக்கப்பட்ட எண்தான். வில் கோர்னால், இல்யா ஸ்ட்ரெபுலாயெவ் என்ற ஆய்வாளர்கள் 135 அமெரிக்க யூனிகார்ன்களின் (மிக உயர்ந்த மதிப்பு அறிவிக்கப்பட்ட தனியார் ஸ்டார்ட்அப்களின்) ஒப்பந்த விதிகளைப் பிரித்துப் பார்த்தபோது, அறிவிக்கப்பட்ட மதிப்பு நியாய மதிப்பைவிடச் சராசரியாக 48 சதவீதம் கூடுதலாக இருந்தது.

நியாய மதிப்பைக் காண எளிய வழி ஒப்பீடு: அதே தொழிலில் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம், விற்பனையைப் போல் எத்தனை மடங்கு விலைபோகிறது என்று பார்ப்பது. இந்தியாவில் அப்படி ஒப்பிட ஆள் குறைவு. அமெரிக்காவையும் சீனாவையும் நாடுகிறார்கள். கோளாறு அங்கேதான். யுபிஐ பரிவர்த்தனைக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020 ஜனவரியிலிருந்து விதி இருக்கிறது. கோடிக்கணக்கானோர் செயலியைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பரிமாற்றத்தில் கடைக்காரரிடமிருந்து வருமானம் இல்லை. வெளிநாட்டில் ஒரு பயனருக்கு இவ்வளவு என்று எடுத்து இங்குள்ள தலைகளால் பெருக்குவது கணக்கே அல்ல. 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு விற்கப்பட்ட, பணப் பரிமாற்றச் செயலியான பேடிஎம்மின் பங்கு முதல் நாளே 27 சதவீதம் சரிந்தது.

வருங்காலப் பணவரவை மதிப்பிட்டு, வட்டியையும் தோல்வி வாய்ப்பையும் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் முறை கடினமானது. எனினும் அதுவே நேர்மையானது. சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரியான நியூயார்க் பேராசிரியர் அஸ்வத் தாமோதரன், 2021-இல் உணவு விநியோகச் செயலியான சொமேட்டோவை இப்படிக் கணக்கிட்டுப் பங்குக்குச் சுமார் 41 ரூபாய் என்றார். வெளியீட்டு விலை 76. முதல் நாளே 100-ஐத் தாண்டியது. பலர் கேலி செய்தார்கள். ஓராண்டில் விலை 41-க்கு அருகில் வந்தது. ஆனால் 2024-இல் அதே பங்கு 250-ஐயும் கடந்ததே, அப்போது அவர் கணக்கு பொய்த்ததல்லவா என்று கேட்கலாம். 2022-இல் சொமேட்டோ வாங்கிய பிளிங்கிட்டின் அதிவேக மளிகை வியாபாரம் அந்தக் கணக்கில் இல்லை. எந்த வரியில் பிசகியது என்று நம்மால் விரல் வைத்துக் காட்ட முடிகிறது. கடைசி முதலீட்டுச் சுற்றின் விலையை வைத்துச் சொன்ன மதிப்பில் அதைக்கூடச் செய்ய முடியாது. அனுமானத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். நியாய மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குப் பங்கு விற்ற ஸ்டார்ட்அப்களுக்கு விதித்த ஏஞ்சல் வரியின் காலத்தில், கணித்த வருமானம் வரவில்லை என்று நோட்டீஸ் அனுப்பிய வரி அதிகாரிகள் அதைத்தான் செய்தார்கள். 2024 பட்ஜெட் அந்த வரியையே நீக்கியது.

ஸ்டார்ட்அப் ஒன்றின் புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும்முன், அதன் ஆவணத்தில் 'வெளியீட்டு விலைக்கான அடிப்படை' என்ற பகுதியைப் படியுங்கள். பழைய முதலீட்டாளர்கள் அண்மையில் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதை அங்கே சொல்ல வேண்டும் என்பது 2022 முதல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி.