கூடாரக் கடையில் நாள் குறிப்போம்



தோட்டத்துக் கோயிலில் திருவிழா. வளையல் கடை, பலகாரக் கடை, விளையாட்டுச் சாமான் கடை என்று வரிசையாகக் கூடாரங்கள். அவற்றில் ஒன்று நம்முடையது. மேசையின் மேல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறோம். மாலை முழுதும் பெண்கள் வருகிறார்கள், எடுத்துப் பார்க்கிறார்கள், விலை கேட்கிறார்கள், வைத்துவிட்டுப் போகிறார்கள். இரவு பத்து மணிக்குக் கணக்குப் பார்த்தால் கூடார வாடகைக்கும் வண்டிக் கூலிக்குமே வந்த காசு சரியாகப் போய்விடுகிறது. 'இனி இந்த வேலையே வேண்டாம்' என்று தோன்றுகிறது.

பால்மரம் வெட்டியும் செம்பனைத் தோட்டத்தில் உழைத்தும் வரும் சம்பளத்தோடு, சிறிது பக்க வருமானமும் வேண்டும் என்று நேரடி விற்பனையில் இறங்கும் நம் பெண்கள் பலர். லயத்து வீட்டில் இருப்பவர்களும் உண்டு. பக்கத்துத் தாமானுக்குக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இன்றைய பேச்சு. கூடாரக் கடையின் முதல் வேலை பொருளை விற்பதன்று, நாள் குறிப்பது. அது எப்படி என்று பார்ப்போம்.

நாள் குறிப்பது என்றால் என்ன? ஒரு தாய் தம் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களை அழைக்கிறார். விற்பனை செய்பவர் அங்கே போய்ப் பொருளைப் பயன்படுத்திக் காட்டுகிறார். விரும்பியவர்கள் வாங்குகிறார்கள். வீட்டைத் தந்த தாய்க்கு ஓர் அன்பளிப்புக் கிடைக்கிறது. இதைத்தான் 'பார்ட்டி' என்று சொல்கிறோம். அந்தப் பார்ட்டிக்கு ஒரு வீட்டையும் ஒரு தேதியையும் உறுதி செய்துகொள்வதே நாள் குறிப்பது.

இந்த முறை ஏன் தோன்றியது என்பதை அறிந்தால் நம் வேலை எளிதாகும். அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பாத்திரங்களைச் செய்து 1946ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பொருள் நல்ல பொருள்தான். ஆனால் கடைகளில் அது சரியாக விற்கவில்லை. மூடியின் நடுவை அழுத்தி, ஓரத்தைச் சற்றே தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி மூட வேண்டும். இது வாங்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி அந்தப் பாத்திரங்களை வீடுகளில் பெண்கள் கூடும் இடத்தில் வைத்துச் செய்து காட்டி விற்றார். அந்த முறை நன்றாகப் பலித்ததால், 1951ஆம் ஆண்டில் நிறுவனம் கடை விற்பனையை விட்டுவிட்டு, வீட்டு விற்பனைப் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது. 'சொன்னால் புரியாது, காட்டினால்தான் புரியும்' என்ற நிலையில் பிறந்ததே பார்ட்டி. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கு எல்லாவற்றையும் காட்ட நேரம் கிடைக்காது. ஆகவே கூடாரத்தில் ஒன்றை மட்டும் காட்டுவோம். மற்றவற்றை வீட்டில் காட்டுவோம்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கூடார வாடகை 40 வெள்ளி, வண்டிச் செலவு 15 வெள்ளி, ஆக 55 வெள்ளி. அன்று 200 வெள்ளிக்கு விற்றோம். நமக்குக் கிடைக்கும் பங்கு நூற்றுக்கு 25 என்றால் 50 வெள்ளி. 5 வெள்ளி நட்டம். ஆனால் அதே கூடாரத்தில் நான்கு நாள் குறித்தோம். ஒன்று தவறிப்போய் மூன்று பார்ட்டி நடந்தது. ஒவ்வொன்றிலும் 240 வெள்ளிக்கு விற்பனை. பங்கு 60 வெள்ளி. மூன்றுக்கும் 180 வெள்ளி. வீட்டுத் தாய்மாருக்கு அன்பளிப்பு 60 வெள்ளி, வண்டிச் செலவு 30 வெள்ளி போக மீதி 90. கூடார நட்டத்தைக் கழித்தாலும் 85 வெள்ளி கையில் நிற்கிறது. அந்த மூன்று வீடுகளிலும் இன்னும் ஒருவர் நாள் கொடுத்தால், அடுத்த மாதத்துக்கும் வழி பிறந்துவிடும். இது ஓர் எடுத்துக்காட்டுத்தான். அவரவர் பங்கும் செலவும் வேறுபடும். ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

சரி, கூடாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, மேசையை நிரப்பாதீர்கள். நிறையப் பொருளைக் கண்டால் கண் அலையும், மனம் நிற்காது. நம் வீட்டுப் பெண்களுக்கு உள்ள ஒரு தொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப் போகிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே சுட்ட முறுக்கில் பாதியை நம் டப்பாவிலும் பாதியைச் சாதாரணத் தகர டப்பாவிலும் வைத்திருங்கள். திருவிழா அன்று இரண்டையும் தட்டில் வைத்து, "கடித்துப் பாருங்கள் அக்கா" என்று சொல்லுங்கள். பேச்சு தானாக வளரும். இதில் ஏமாற்று வேலை கூடாது. வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்தப் பொருளைக் காட்டவே வேண்டாம்.

இரண்டாவது, மேசைக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காராதீர்கள். முன்னால் வந்து ஓரமாக நில்லுங்கள். "வாங்குங்கள், வாங்குங்கள்" என்று கூவாமல் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் எத்தனை மாதம் வண்டு விழாமல் இருக்கிறது அம்மா?" என்று கேட்டால், அவர் தம் சமையலறையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அவர் பேசும்போது நாம் கேட்க வேண்டும். யாருக்கு எது தேவை என்பது அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, ஒரு பெரிய நாட்காட்டியை எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிடுங்கள். நாம் போகக்கூடிய நாள்களை மட்டும் பச்சை மையால் வட்டமிடுங்கள். "எப்போதாவது ஒரு நாள் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதிலே வரும். "அடுத்த ஞாயிறு நான்கு மணியா, அதற்கடுத்த சனிக்கிழமையா, எது உங்களுக்குத் தோது?" என்று கேட்டால் அவர் நாட்காட்டியைப் பார்ப்பார். நாளைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பள நாளை மறக்காதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுபட வேண்டும். அதன் பிறகு கடைக் கணக்கைக் கட்டி முடித்து, கையில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்த வாரமே நமக்கு ஏற்ற வாரம். நேரத்தையும் சொல்லிவிடுங்கள்: நான்கு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும், இரவுச் சமையலுக்குத் தாமதமாகாது என்று.

நான்காவது, அன்பளிப்பை மறைக்காமல் மேசையிலேயே வையுங்கள். 'வீட்டைத் தரும் அம்மாவுக்கு இது' என்று ஓர் அட்டையில் எழுதுங்கள். விற்பனை எவ்வளவு நடந்தாலும், நடக்காவிட்டாலும் அது அவருக்கு உண்டு என்பதையும் வாயால் சொல்லுங்கள்.

ஐந்தாவது, குலுக்கல் சீட்டு வைத்துப் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்குவது வழக்கம். எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி வாங்குங்கள். தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்க நம் நாட்டில் 2010ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கட்டும், சொல்லாமல் வாங்கிய எண்ணுக்கு அழைத்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆறாவது, நாள் குறித்த மறுநாளே அந்தத் தாயை அழைத்து நன்றி சொல்லுங்கள். யார் யாரை அழைக்கப் போகிறார் என்று அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எட்டுப் பேர் வர வேண்டுமானால் பன்னிரண்டு பேரையாவது அழைக்க வேண்டும். கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பினால் மட்டும் போதாது. வாசலில் நின்று வாயால் அழைப்பதற்குத்தான் நம்மிடையே மதிப்பு. பலகாரம் ஒன்றும் தேநீரும் போதும் என்று நாமே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்கு அதுவே பெருஞ்செலவாகிவிடும்.

நேயர்களே, இதையெல்லாம் நாங்கள் தவறு செய்துதான் கற்றுக்கொண்டோம். தொடக்க காலத்தில் ஒரு திருவிழாவில் பதினான்கு பெயர்களை எழுதிக்கொண்டு பெருமையோடு வீடு திரும்பினோம். தேதி எதுவும் குறிக்கவில்லை. நடந்தது இரண்டே பார்ட்டி. அதில் ஒன்று, மறுத்துச் சொல்லக் கூச்சப்பட்ட ஒரு தாயின் வீடு. நாங்கள் மூன்று முறை கேட்டதால் சரி என்று தலையாட்டியவர் அவர். வந்தவர்கள் மூன்று பேர். யாரும் எதுவும் வாங்கவில்லை. எங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், அவரே கடன் சொல்லி ஒரு செட்டு எடுத்துக்கொண்டார். நாங்களும் வாங்கிக்கொண்டோம். அந்தக் கடனை அடைக்க அவருக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை எங்களைக் கண்டால் அவர் வேறு பக்கம் திரும்பிப் போவார். ஒரு செட்டு டப்பாவுக்காக ஒரு நல்ல அண்டை வீட்டாரை இழந்தோம்.

அன்று நாங்கள் உணர்ந்தது இதுதான். ஒரு பெண் நாள் கொடுக்கிறார் என்றால் தம் வீட்டை மட்டும் தரவில்லை. லயத்தில் தமக்குள்ள நல்ல பெயரையும் நம்மிடம் இரவல் தருகிறார். இரவல் வாங்கியதைக் கெடாமல் திருப்பிக் கொடுப்பது நம் கடமை. ஆகவே ஒரு முறை கேளுங்கள்; தயங்கினால் இன்னொரு நாளைச் சொல்லிப் பாருங்கள்; அதற்கும் தயங்கினால் முறுக்கைக் கொடுத்துச் சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிராணியார் வீட்டிலோ மண்டோர் வீட்டிலோ பார்ட்டி வைத்தால் கூட்டம் சேரும் என்று சிலர் நினைக்கிறார்கள். சேரும். ஆனால் அது மறுக்க முடியாத கூட்டம். நாளைக்கு வேலை கொடுப்பவரின் வீட்டில் 'வேண்டாம்' என்று யார் சொல்வார்கள்? அப்படி விற்ற பொருள் விற்பனையன்று, வசூல். எல்லாரும் தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய வீடே நல்ல வீடு.

சட்ட விவரங்கள் சிலவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டில் நேரடி விற்பனையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. நிறுவனம் உள்நாட்டு வாணிப அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும், ஏ.ஜே.எல். என்று தொடங்கும் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். ஆள் சேர்ப்பதால் மட்டுமே பணம் வரும் என்று சொல்லும் பிரமிட் திட்டங்களை அச்சட்டம் தடை செய்கிறது. விலை கூடிய பொருளை எழுத்து ஒப்பந்தம் போட்டு விற்கும்போது, வாங்கியவர் மனம் மாறினால் 10 வேலை நாளுக்குள் அதை ரத்து செய்ய இடமுண்டு. இதை நாமே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நம் மேல் நம்பிக்கைதான் வளரும். வழக்கு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். மாதாமாதம் பணம் சேர்த்துக் குலுக்கிப் பொருள் எடுக்கும் கூட்டுச் சீட்டைத் தொழிலாக நடத்த 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. விற்பனைக்காக அந்த வழியில் இறங்காதீர்கள்.

சரக்கை மொத்தமாக வாங்கி வீட்டில் குவிப்பதும் வேண்டாம். பெரிய பெயர் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு நிறுவனம் நிலைத்துவிடாது. டப்பர் தொடங்கிய அந்த நிறுவனமே 2024ஆம் ஆண்டில் கடன் சுமை தாங்காமல் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. காட்டுவதற்கு ஒரு செட்டு இருந்தால் போதும். மற்றதைக் கேட்டவர்களுக்கு வரவழைத்துக் கொடுக்கலாம்.

கடைசியாக, நாள் கேட்கப்படும் தாய்மாருக்கும் ஒரு சொல். விருப்பமில்லையென்றால் "இப்போது தோதுப்படாது" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல விற்பனையாளர் அதைக் கேட்டு வருந்தமாட்டார். நட்டத்திலிருந்து அவரையும் நீங்கள் காப்பாற்றியவர் ஆவீர்கள்.

அடுத்த திருவிழாவில் கூடாரம் போடப் போகிறவர்கள் மேசையில் ஒரு பொருள், சுவரில் ஒரு நாட்காட்டி, தட்டில் இரண்டு வகை முறுக்கு, இவற்றோடு போங்கள். இரவு கணக்குப் பார்க்கும்போது பெட்டியில் எவ்வளவு காசு என்பதோடு, மனம் விரும்பிக் கொடுத்த நாள் எத்தனை என்பதையும் எண்ணிப் பாருங்கள். விரும்பிக் கொடுத்த நாள் இரண்டே ஆனாலும் அது போதும். அந்த இரண்டு வீடுகளும் உங்களை மீண்டும் அழைக்கும்.