பிக்கப் குறைஞ்சுடுச்சா? ஏர் ஃப்ளோ சென்சாரை மாற்றும் முன் இதைப் பாருங்க!

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில், தேவதானம் பக்கம் அறுவடை நேரத்தில் கார் ஓட்டுபவர்களுக்குத் தூசி புதிதல்ல. அதில் கொஞ்சம் இன்ஜின் பக்கமும் போகிறது. பிக்கப் குறையும், மைலேஜ் இறங்கும், ஐடிலில் நிற்கும்போது இன்ஜின் உதறும். ஸ்கேனரில் ‘பி0101’ வந்ததுமே, ‘ஏர் ஃப்ளோ சென்சார் போச்சு, மாத்திடலாம்’ என்பார்கள். கொஞ்சம் பொறுங்க.

மாஃப் எனப்படும் இந்த சென்சார், ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் குழாயில் இருக்கும். உள்ளே மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய கம்பி அல்லது படலம். ஓடும் காற்று அதைக் குளிர வைக்கும். சூட்டைத் தக்கவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்தே காற்றின் அளவு கணக்கிடப்படுகிறது. அதன் மேல் தூசி படிந்தால் கணக்கு தப்பும், எரிபொருள் அளவும் தப்பும்.

அந்த எரர் கோட் சொல்வது, ‘அளவு பொருந்தவில்லை’ என்பதை மட்டும்தான். அடைத்துப்போன ஃபில்டரும், சென்சாருக்கு அடுத்த ரப்பர் குழாயில் விழுந்த விரிசலும்கூட அதே கோடைக் கொண்டுவரும். விரிசல் வழியே நுழையும் காற்று அளக்கப்படுவதே இல்லையே! அதனால் முதலில் ஃபில்டர், குழாய், வயர் சாக்கெட்டைப் பாருங்கள். பிறகு இக்னிஷனை அணைத்து, சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே விற்கும் மாஃப் கிளீனரை அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம். பஞ்சு, பிரஷ், விரல் எதுவும் கம்பியில் படக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்க.

அப்புறமும் சரியாகலைன்னா மாற்றுங்கள். பழையதில் உள்ள பார்ட் நம்பரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இன்னொன்று: பல சின்ன பெட்ரோல் கார்களில் இந்த சென்சாரே கிடையாது, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். உங்க வண்டியில் எது இருக்குன்னு முதல்லயே கேட்டுக்கோங்க.