பழைய ஜீப்புக்கு டீசல் என்ஜின்: கணக்குப் பார்த்து இறங்குங்கள்

மலையடிவாரத்திலும் மலைத் தோட்டங்களிலும் பயிர் செய்யும் விவசாயிகள் சிலர் பழைய பெட்ரோல் ஜீப் வைத்துள்ளனர். உர மூட்டை மேலே ஏறவும் வாழைத்தார் கீழே இறங்கவும் அதுவே துணை. 'பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை, பழைய டீசல் என்ஜின் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா?' என்று இவர்கள் கேட்கின்றனர். மாட்டலாம். ஆனால் பழைய இரும்புக் கடையில் என்ஜின் விலை கேட்கும் முன் பென்சிலும் காகிதமும் எடுத்து உட்காருவது நலம்.

டீசல் மலிவு என்ற எண்ணம், அதன் விலை பெட்ரோல் விலையில் பாதியாக இருந்த காலத்தில் வந்தது. 2014 அக்டோபரில் டீசல் மீதான விலைக் கட்டுப்பாடு நீங்கியது. இப்போது வித்தியாசம் குறைவு. கணக்குக்காக பெட்ரோல் 100 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்றும், லிட்டருக்கு ஜீப் பெட்ரோலில் 7 கி.மீ., டீசலில் 11 கி.மீ. ஓடும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,000 கி.மீ. ஓட்டினால் மிச்சம் ஏறக்குறைய 17,800 ரூபாய். மாற்றுவதற்கு மொத்தம் 1,20,000 ரூபாய் ஆனால், போட்ட முதல் திரும்ப ஏழு ஆண்டுகள் பிடிக்கும். ஆண்டுக்கு 1,000 கி.மீ. மட்டும் ஓடும் வண்டியானால் இருபது ஆண்டுகள்! ஓடும் தூரத்தை எல்லோரும் சற்றுக் கூட்டியே சொல்வது வழக்கம். பெட்ரோல் பங்க் ரசீதுகளைப் பார்த்து உண்மைக் கணக்கை எழுதுங்கள்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். அதில் என்ஜின் எண்ணும் எரிபொருளும் பதிவாகியுள்ளன. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, அனுமதி கிடைத்த பின்பே பணம் செலவிட வேண்டும். 'முதலில் மாட்டு, பிறகு பார்க்கலாம்' என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். 15 ஆண்டு கடந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது அகப்பட்டுக்கொள்வீர்கள். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் சிக்கல் வரும். அனுமதி இல்லையெனில், பெட்ரோல் ஜீப்பை விற்றுவிட்டு, ஆர்.சி.யிலேயே டீசல் என்றுள்ள பழைய ஜீப்பை வாங்குவதே புத்திசாலித்தனம். ஏற்கெனவே டீசல் ஜீப் வைத்திருந்து என்ஜின் தேய்ந்துபோனவர்களுக்கு, அதே தயாரிப்பில் அதே வகை என்ஜினை மாற்றுவது எளிது. ஆனால் புது என்ஜின் எண்ணைப் பதிந்தாக வேண்டும்.

எந்த என்ஜின்? கிணற்று மேட்டில் சும்மா கிடக்கும் 5 குதிரைத் திறன் பம்புசெட் என்ஜின் மீது சிலருக்குக் கண். சுமையோடு 1,500 கிலோ எடையுள்ள ஜீப், எட்டு அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் ஏறுவதற்கே ஏறக்குறைய 7 குதிரைத் திறன் வேண்டும். சேற்றின் இழுப்பும் கியர்களில் வீணாவதும் இதற்கு மேல். எனவே அந்த என்ஜின் தண்ணீர் இறைக்கட்டும்.

டிராக்டர் வகை என்ஜின் இழுக்கும், ஆனால் மெதுவாகச் சுழலும். பழைய சி.ஜே. 3பி ஜீப்பின் 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று வரை போகும். அச்சு விகிதம் 5.38. டாப் கியரில் 2,000 சுற்றுக்கு வண்டி சுமார் 49 கி.மீ. வேகமே ஓடும். தோட்டத்துக்கும் சந்தைக்கும் அது போதும் என்பது என் கருத்து. நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவர், டீசல் ஜீப்பிலேயே வந்த என்ஜினைத் தேடுவதே பொருத்தம்.

வாங்கும்போது என்ஜினை மட்டும் வாங்காதீர்கள். கிளட்ச், பெல் ஹவுசிங், கியர் பெட்டி, செல்ஃப் மோட்டார், மவுண்டிங், ரேடியேட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தால் விலை கூடுதலானாலும் லாபமே. சில்லறைச் சாமான்களைத் தேடி அலைவதில்தான் பட்ஜெட் கரைகிறது. ரசீதும் அந்த வண்டியின் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்குங்கள். இயங்கும் நிலையில், குளிர்ந்த என்ஜினை உங்கள் முன்னாலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துள்ளது என்று பொருள்.

பழைய கியர் பெட்டியையே வைத்துக்கொண்டால் இடையில் அடாப்டர் தகடு தேவை. இதை நல்ல லேத் பட்டறையில்தான் கடைய வேண்டும். கிராங்கின் மையமும் கியர் பெட்டித் தண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் பேரிங் சீக்கிரமே போய்விடும், கிளட்ச் அதிரும். என்ஜினை இறக்குமுன் சம்ப் முன் அச்சின் உருண்டையில் இடிக்குமா, ஃபேன் ரேடியேட்டரைத் தொடுமா என்று டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள். டீசல் என்ஜின் கனமானது. முன் வில் பட்டைகளையும் பிரேக்கையும் சரிபார்க்க வேண்டும்.

பெட்ரோல் டேங்கைக் கழுவி உலர்த்தி, மிஞ்சும் டீசல் திரும்பிவர ஒரு குழாய் வைக்க வேண்டும். பெரிய பேட்டரி தேவை. பிரேக்குக்கு வேக்குவம் பூஸ்டர் இருந்தால் தனியாக வேக்குவம் பம்பு வேண்டும். டீசல் என்ஜின் அந்த உறிஞ்சலைத் தானாகத் தராது. என்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் பொருத்துங்கள்.

வேலை முடிந்ததும் சுமை ஏற்றாமல் மேட்டில் ஓட்டி, தண்ணீர்ச் சூட்டையும் ஆயில் அழுத்தத்தையும் கவனியுங்கள். பிறகு பாதிச் சுமை, அதன்பின் முழுச் சுமை. மவுண்டிங், அடாப்டர் போல்ட்டுகளை முதல் வாரத்திலேயே ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.